கூனிமலைக்கு ஒத்த ஸ்டார்

ஆமாங்க, சென்னியப்பன் நாந்தான். ஒத்த ஸ்டார் போட்டதும் நாந்தான். அதுல என்னங்க ஒளிவு மறைவு? பேரைப் போட்டு, ரிட்டயர்டு டிரைவர், ஈரோடுன்னு ஊரையும் போட்டுத்தானே எழுதியிருக்கறேன். மத்தவனுகளாட்டம் புலிப் படத்தை ஒட்டிக்கிட்டு, ரயில் ராஜான்னு பேரு வெச்சுக்கிட்டா எழுதறேன்? செருப்பை அங்கயே உட்டுட்டு வாங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

பல் டாக்டர்னு போன்ல சொன்னப்ப நான் நம்பலீங்க. பல் டாக்டருக்கு ரயில் எதுக்கு? பகல் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள கையை உட்டுட்டு, சாயந்திரம் ஊட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல கூட்ஸ் வண்டி ஓட்டறீங்களாக்கும். உங்க ஊட்டுல அவங்க ஒண்ணும் சொல்றதில்லீங்களா? சரி, எனக்கெதுக்கு அது.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன். நான் பேசறப்ப குறுக்க பேசினா எனக்கு ஆகாது. சர்வீஸ்ல இருந்தப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். முடிச்சப்பறம் கேளுங்க, எத்தனை வேணும்னாலும் கேளுங்க.

இந்தக் கெரகம் எப்படி வந்துச்சுன்னா, எங்க மருமகன் பெங்களூர்ல இருந்து ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வெச்சாப்ல. 'மாமா, பொழுது போகாம எல்லார்கிட்டயும் சண்டைக்கு நிக்கறீங்களாமே, இதுல ரயிலாவது ஓட்டுங்க'ன்னு. நான் யாருகிட்டீங்க சண்டைக்கு நின்னேன்? பக்கத்து ஊட்டுக்காரன் முருங்கை மரத்தை என் காம்பவுண்டு மேல சாய உட்டு வெச்சிருக்கான். கம்பளிப்பூச்சி பூரா என் கொடியில காயற துணி மேல. இன்னிக்கு நேத்தில்ல, வருசக் கணக்கா. அதைக் கேட்டா சண்டையா? அந்தக் கதையை அப்பறம் சொல்றேன், அது பெரிய கதை.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சுங்க. வெளிநாட்டு ரயிலெல்லாம் ஓட்டினேன். பனி பேயுது, நாம பாட்டுக்கு லுங்கி கட்டிக்கிட்டு ஓட்டறோம். அப்பறம் தனித்தனியா ரூட்டுக விக்கறான்னு தெரிஞ்சுது. வேணுங்கற லைனை வாங்கி இதுல சேத்துக்கலாமாம். பாத்துக்கிட்டே வர்றப்ப, கூனிமலை காட், மலை ஏறி எறங்கற லைன். கீழ எழுதியிருக்கறான், 'நெம்பக் கஷ்டமானது, அனுபவம் உள்ளவங்களுக்கு மட்டும்'னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பத்தொம்பது வருசம் அந்த மலையில வண்டியை ஏத்தி எறக்குனவன்கிட்ட வந்து அனுபவம் கேக்கறான் பாருங்கன்னு ராமாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராமாத்தா என் சம்சாரம், உங்களுக்குக் கதவு தொறந்தாளே, அவதான்.

வாங்கினப்பறம்தான் செஞ்சவன் பேரைப் பாத்தேன். ஜெபமணி.

உங்களுக்கு அவன் ரூட்டுப் போடற ஆளு, போன்ல நல்லாப் பேசறவன், அவ்வளவுதான். எனக்கு அவன் அசிஸ்டென்ட். இன்ஜின்ல டிரைவர் ஒருத்தன், பக்கத்துல அசிஸ்டென்ட் ஒருத்தன், புரியுதுங்களா? ரெண்டு வருசம் எங்கூட ஓடினான். தூத்துக்குடிப் பக்கம். சன்னமா, சத்தமே வராது அவன் வாயில இருந்து. இந்த ஊட்டுல, நீங்க உக்காந்திருக்கற எடத்துலயே உக்காந்து ராமாத்தா கையில கறிக்கொழம்பு சாப்பிட்டவன். சாப்பிட்ட ஊட்டுக்கு அவன் செஞ்சிருக்கற காரியத்தைப் பாருங்க.

தப்புன்னா என்ன தப்புன்னு கேக்கறீங்க. சொல்றேன், இருங்க. லைன் தப்பில்லை. அதை நான் ஒத்துக்கறேன், நான் பொய் சொல்ற ஆளில்லை. வளைவெல்லாம் அப்படியே இருக்குது. ரெண்டாவது சுரங்கம் தாண்டினதும் ஒரு பலா மரம், அது இருக்குது. கேபின் ரூமுக்கு நீலக் கதவு, கீழ்ப்பக்கம் பெயிண்டு உரிஞ்சு கெடக்கும், அந்த உரிஞ்சதைக் கூட உடலீங்க அவன். மழை பேஞ்சா தண்டவாளம் எங்க வழுக்குமோ அங்க வழுக்குது. எல்லாம் சரி. பிரேக்கு மட்டும் தப்பு.

கேட்ச் சைடிங் தெரியுமல்லங்க? நாங்க மண்ணு லைன்னு சொல்லுவோம். மலை எறக்கத்துல வண்டி புடிக்கு அடங்காம வந்துருச்சுன்னா, கீழ போயி எதுலயாவது மோதாம இருக்கறதுக்காகப் பக்கத்துல ஒரு ஏத்தத்துல தனி லைன் போட்டு, மண்ணைக் கொட்டி வெச்சிருப்பாங்க. தண்டவாளம் பிரியற எடத்துல இருக்கற பாயின்ட் எந்நேரமும் அந்த மண்ணு லைனுக்குத்தான் போட்டிருக்கும். எறங்கி வர்ற வண்டி, முன்னால இருக்கற பலகைகிட்ட வந்து ஒரு நிமிசம் முழுசா நிக்கோணும். நின்னாத்தான் இவன் பிரேக்கு நல்லாருக்குதுன்னு நம்பி, பாயின்டை மெயினுக்கு மாத்தி உடுவாங்க. நிக்காம வந்தா நேரா மண்ணு. டிரைவர் என்ன சமாதானம் சொன்னாலும் பாயின்டுக்குக் காது கேக்காதுங்க.

நான் பிரேக்கு போடறது பலா மரத்துகிட்ட. பத்தொம்பது வருசமா அங்கதான் போட்டேன். இவன் செஞ்சு வெச்சிருக்கற ரூட்டுல பலா மரத்துகிட்ட போட்டா வண்டி நிக்கறதில்லை. நேராப் போயி மண்ணுக்குள்ள புதையுது. ஒரு தடவையில்லீங்க, அறுபத்தோரு தடவை. நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன், வேணும்னா காட்டறேன். அறுபத்தோரு தடவையும் ஒரு டிரைவர் தப்புப் பண்ணுவானா? அப்ப ரூட்டுத்தானே தப்பு?

அதை எழுதினா, எழுநூறு பேரு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கறான் பாருங்கங்கறாங்க. அந்த எழுநூறு பேருல ஒருத்தனாவது கூனிமலையைக் கண்ணால பாத்தவனா? அவனுகளுக்கு ஒவ்வொருத்தனுக்கும் நான் பதில் எழுதினேன். 'தம்பி, நீ ஓட்டறது ரயிலில்லை, பொம்மை'ன்னு. ஒருத்தன் எழுதறான், 'அய்யா, அசிஸ்டென்ட் சொல்றப்பவே பிரேக் போட்டா அழகா நிக்குதே'ன்னு. அழகா நிக்குதாம். எவனோ சொல்லி நான் பிரேக்கு போடோணுமா?

அதுதானுங்க விசயமே. அந்தக் கொரலு. ரூட்டுல கொரலை வெச்சிருக்கறான். ரெண்டாவது சுரங்கத்து வாயில நொழையறப்ப, 'சார், கேட்ச் சைடிங் வருது, பிரேக்'ங்குது. அவன் சொந்தக் கொரலு. பதில் சொல்றதுக்கு ஒரு பட்டன் இருக்குது, அதை அமுக்கலைன்னா பாதிச் சுரங்கத்துல திரும்பவும் கூப்பிடுது. அப்பவும் அமுக்கலைன்னா மூணாவது தடவை, கொஞ்சம் சத்தமா. அப்பறம் மண்ணுதான். ராமாத்தாளுக்கு அந்தக் கொரலே ஆகாதுங்க. அது கேட்டா எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிருவா. அவளுக்கும் அவன் மேல அவ்வளவு வெறுப்பு.

ஏன் வெச்சான்னு தெரியுங்களா? உங்ககிட்ட அவன் சொல்லியிருக்க மாட்டான். இல்லை, சொல்லித்தான் அனுப்பினானா? சரி, நானே சொல்றேன்.

பதினாலு வருசம் ஆச்சு. ஆடி மாசம், மத்தியானம், மழை. நாப்பது பொட்டி சிமெண்டு லோடு. இப்ப இவன் ரூட்டுல மொத ஓட்டம்னு ஒண்ணு வெச்சிருக்கான் பாருங்க, மழை, சிமெண்டு, நாப்பது பொட்டி. அந்த நாளையே எடுத்து வெச்சிருக்கான். அன்னிக்கு வண்டி பலகைகிட்ட நிக்கலை. மண்ணு லைனுக்குப் போயிருச்சு. இன்ஜின் பாதி புதைஞ்சு போச்சு, பின்னால பதினோரு பொட்டி தடம் மாறிக் கெடந்துச்சு, கடைசிப் பொட்டியில இருந்த கார்டுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. யாரும் சாகலை. அதைக் கவனிச்சுக்குங்க, ஒரு உசுரு போகலை.

விசாரணை வெச்சாங்க. கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இன்ஜின்ல சட்டம் என்னன்னா, அசிஸ்டென்ட் முன்னால வர்றதைப் பாத்துச் சத்தமாச் சொல்லோணும், டிரைவர் அதையே திருப்பிச் சொல்லோணும். சிக்னலானாலும் சரி, பலகையானாலும் சரி. ஒருத்தன் கண்ணு தூங்கினாலும் இன்னொருத்தன் வாயி முழிச்சிருக்கோணுமுன்னு. 'அசிஸ்டென்ட் சொன்னானா?'ன்னு என்னையக் கேட்டாங்க. 'சொல்லலை'ன்னேன். அவனைக் கேட்டாங்க. 'மூணு தடவை சொன்னேன் சார்'ங்கறான். இன்ஜின்ல இருந்தது ரெண்டே பேரு. அவன் சொல்றதா, நான் சொல்றதா? எனக்கு அப்ப இருபத்தாறு வருச சர்வீஸ், அவனுக்கு ரெண்டு. எனக்கு ரெண்டு மாசம் வண்டி குடுக்கலை, அப்பறம் குடுத்துட்டாங்க. அவனை வேலையை உட்டே அனுப்பிட்டாங்க. அது அவங்க முடிவு, நானா அனுப்பினேன்?

என்னுங்க? அவன் ஏன் பொய் சொல்லோணும்னு கேக்கறீங்களா? நான் ஏன் பொய் சொல்லோணும்னு கேக்கலியே நீங்க. இங்க பாருங்க டாக்டர், சுரங்கத்துக்குள்ள இன்ஜின் சத்தம் என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? அவனுக்கோ கொரலே கெடையாது. மொதத் தடவை சொன்னதெல்லாம் எவனுக்குக் கேக்கும்? மூணாவது தடவைதான் கொஞ்சம் சத்தமா... சத்தமாச் சொன்னதா அவன் சொல்றான். அவன் சொல்றதைச் சொல்றேன். அதுவும் நான் ஒரு விசயம் பேசிக்கிட்டிருக்கறப்ப குறுக்க வந்து சொன்னா? பெரியவங்க பேசறப்ப காத்திருக்கத் தெரிய வேண்டாமா? முருங்கை மரத்து விசயந்தான், அன்னிக்குத்தான் காலையில பக்கத்து ஊட்டுக்காரனோட பெரிய ரகளை. அதைச் சொல்லிட்டு வந்தேன். பாதியிலேயே நின்னு போச்சு.

சரி, காப்பி வந்துருச்சு. குடிங்க. ராமாத்தா, டாக்டருக்குச் சக்கரை போட்டியா? பல்லுக்கு ஆகாதுன்னு குடிக்காம இருந்துருவாரு.

இப்ப உங்க விசயத்துக்கு வாங்க. போன்ல சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க, ராமாத்தாளும் கேக்கட்டும். சென்னியப்பன் சார் அவர் சொல்ற எடத்துல, பலா மரத்துகிட்ட பிரேக்கு போட்டு, ஒரே ஒரு தடவை பலகைக்கு முன்னால நிறுத்திக் காட்டிட்டா, அந்தக் கொரலை ரூட்டுல இருந்தே எடுத்துப்போடறேன்னு சொன்னானா? தப்பு என்னுதுன்னு எல்லாரும் பாக்கற எடத்துல எழுதறேன்னும் சொன்னானா? அவன் வாயாலயே? கேட்டுக்கிட்டயா ராமாத்தா? ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறே?

பதினாலு வருசத்துக்கப்பறம் அவனே எழுதித் தர்றேங்கறான் பாருங்க. ஊர்ல இன்னும் பழைய ஆளுக நாலு பேரு இருக்கறாங்க. யூனியன் ஆபீசுக்குப் போனா, 'என்ன சென்னியப்பா, அந்தப் பையன் மெய்யாலுமே சொல்லலையா?'ன்னு இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டே கேக்கறானுக. சிரிச்சுக்கிட்டேதான். அதனாலயே நான் அங்க போறதை உட்டுட்டேன். அவன் எழுதினதை எடுத்துட்டுப் போயி அந்த மேசை மேல வெக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க, அது ஒண்ணு போதும்.

என் கம்ப்யூட்டர் பழசு. அறுபத்தோரு தடவையும் அதுல ஓட்டினதுதான் கோளாறுன்னு எனக்கு ஒரு எண்ணம். உங்களுது புதுசு, அதான் வரச் சொன்னேன். மேசை மேல வைங்க. இது வேகம் குடுக்கற திராட்டில், இது பிரேக்கு. இது பதில் சொல்ற பட்டன், அது எனக்கு வேண்டாம். ஓட்டறது பூரா அப்படியே பதிவாகுமா? நல்லதாப் போச்சு. அப்படியே அவனுக்கு அனுப்புங்க, ஒண்ணும் மாத்தாதீங்க.

கெளப்பிட்டேன். பாருங்க, மேல ஸ்டேஷன்ல பிரேக்கு சோதனை பண்ணியாச்சு. இருபத்தஞ்சு கிலோமீட்டர், அதுக்கு மேல போகக் கூடாது. பிரேக்கு போட்டா ஒடனே புடிக்காதுங்க, காத்துல புடிக்கற பிரேக்கு, அந்தக் காத்து கடைசிப் பொட்டி வரைக்கும் போயிச் சேரோணும், நாப்பது பொட்டி. அதெல்லாம் கணக்கு வெச்சு ஓட்டோணும். இதா மொதச் சுரங்கம். ஒரு கையில ஓட்டுவேன் நானு. என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், முருங்கை மரம். அவன் என்ன பண்ணினான்னா, நான் ஒரு கெளையை வெட்டிப்போட்டேன்னு...

என்னுங்க? என் பேச்சும் சேந்து பதிவாகுதா? சுரங்கத்துல இருந்து நிக்கற வரைக்கும் பேசாம ஓட்டோணுமா? ஏன், பேசிக்கிட்டே ஓட்டினா வண்டி ஓடாதா? நான் பேசாம ஓட்டினதே கெடையாதுங்க. சரி, சரி. அவனுக்குப் போறது, சுத்தமா இருக்கட்டும். இதா ரெண்டாவது சுரங்கம் தெரியுது. வாயை மூடிக்கிட்டேன், பாத்துக்குங்க.

கேட்ச் சைடிங், பிரேக்!

என்னுங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்களே. சொன்னனா? அது பழக்கம். அவன் சொன்னா நாம திருப்பிச் சொல்றது, அத்தனை வருசப் பழக்கம், வாயில வந்துருச்சு. கை என்ன பண்ணுச்சு? கை பிரேக்குலயா இருக்குது? இருங்க, இன்னும் பலா மரமே வரலியே. சுரங்கத்துக்குள்ளதான் இருக்கறோம்.

இருபது. பதினாறு. பலா மரம் இப்பத்தான் வருது. பத்து. நீலக் கதவு. நாலு. 

நின்னுருச்சு.

பலகைக்கு இன்னும் ரெண்டு பொட்டி நீளம் கெடக்குது. என்னைய ஏன் பாக்கறீங்க டாக்டர்? அங்க பாருங்க. நின்னுருச்சுன்னு எனக்குத் தெரியுது, கண்ணு நல்லாத்தான் இருக்குது எனக்கு.

ராமாத்தா, நீ எதுக்கு அடுப்பங்கரையில இருந்து வந்தே? 'சத்தம் வரலியே'ங்கறா பாருங்க. 'மண்ணுல போற சத்தம் வரலியே, நின்னுருச்சுங்களா'ங்கறா. அறுபத்தோரு தடவையும் உள்ள நின்னுக்கிட்டு அந்தச் சத்தத்துக்குத்தான் காதைக் குடுத்துட்டு இருந்திருக்கறா. 'அந்தப் பையன் சொன்னான், நீங்க திருப்பிச் சொன்னீங்க, நான் கேட்டனே'ங்கறா. வாயை மூடு. ஆளு இருக்கறப்ப என்ன பேச்சு இது? எதுக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கறே? யாரு செத்துப் போனாங்க?

மழை பேஞ்சுக்கிட்டே இருக்குது பாருங்க அதுல. ஒரு நிமிசம் ஆனாத்தான் பாயின்டு மாறுமா? இன்னும் எத்தனை? முப்பது செகண்டா. பிரேக்கை உடறது இந்தப் பக்கம் தள்றதுதானே? நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கையை எடுங்க டாக்டர். எடுங்கங்கறேன். வண்டிக்கு டிரைவர் நானு.

போகுது பாருங்க. போகட்டும். எறக்கம், லோடு, மழை, எப்படி நிக்கும்? பலகை போச்சு. பாயின்டு போச்சு.

இதா, சத்தம் வந்துருச்சு. கேட்டயா ராமாத்தா? அவ்வளவுதான். உள்ள போ.

பாத்தீங்கல்ல? அறுபத்திரெண்டு. நான் சொன்னதுதான், ரூட்டே தப்பு. இன்னிக்கே எழுதறேன், ஒத்த ஸ்டாரு ஒத்த ஸ்டாருதான். நீங்க ஊருக்குப் போயி, மண்ணுல போனதை மட்டும் அவனுக்கு அனுப்புங்க. நடுவால நின்னதை வெட்டிருங்க. அப்பறம், நான் திருப்பிச் சொன்னது ஒண்ணு அதுல பதிவாகியிருக்கும். அதையும் வெட்டிருங்க. தலையை ஆட்டினா எப்படி, வெட்டறேன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க. ஒருவேளை அவன் கேட்டான்னா, நிக்கவே இல்லைன்னு சொல்லுங்க. இங்க இருந்தது ரெண்டே பேரு. நீங்க நேத்து வந்த ஆளு, நான் நாப்பது வருசம் ஓட்டினவன்.

ஏ ராமாத்தா, உள்ள போகச் சொன்னனல்ல. இன்னும் ஏன் அங்கயே நிக்கறே?